சொல்லிச் செய்த துப்பாக்கியா? ஆலைத் துப்பாக்கியா?

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி.

அவன் விட்டது ஒரே அம்பு. அது யானையை வீழ்த்தியது. அடுத்து நின்ற புலியைக் கொன்றது. மானை உருட்டியது. பன்றியைச் சாய்த்தது. கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மீது போய்த் தைத்தது. சங்க காலப் புலவர் வன்பரணர் இப்படிப் பாடி இருக்கிறார்.

அந்த வில்லைச் செய்தவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம். ஓரியின் தோளையும் கையையும் அளந்து பார்த்துத்தான் அந்த வில்லைச் செய்திருப்பார். அந்தக் காலத்தில் ஆலை ஏது?

வில் போயிற்று. துப்பாக்கி வந்தது. துப்பாக்கியோடு ஒரு வாக்குவாதமும் வந்தது.

ஆள் அளவுக்குச் சொல்லிச் செய்த துப்பாக்கி நல்லதா? ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்த துப்பாக்கி நல்லதா?

நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேட்டைக்காரர்கள் இதைப் பேசி வந்திருக்கிறார்கள். ஒன்றை வாங்குகிறார்கள். இன்னொன்றை விற்கிறார்கள்.

"வேட்டையே கூடாது என்று சட்டம் இருக்கிறதே! இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. 1972-ம் ஆண்டில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிச்சம் இருந்த வேட்டை லைசென்சுகளும் 1991-ம் ஆண்டு திருத்தத்தோடு போயின. இன்று நம் நாட்டில் பொழுதுபோக்குக்காக வேட்டை ஆடினால் சிறைதான்.

ஆனால் துப்பாக்கிகள் போய்விடவில்லை. தாத்தாவின் துப்பாக்கி பல வீடுகளில் பீரோவில் இருக்கிறது. கொல்லிமலை, சேர்வராயன் மலை அடிவாரத்தில் பரண் மீதும் சில துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றுக்கு லைசென்சு கிடையாது. அவற்றால்தான் இந்தக் கட்டுரை.

தையல்காரர் போல!

லண்டனில் பெயர் பெற்ற துப்பாக்கிக் கம்பெனிகள் உண்டு. ஹாலந்து அண்டு ஹாலந்து ஒன்று. ஜான் ரிக்பி மற்றொன்று.

அங்கே போய் ரைபிள் வேண்டும் என்று சொன்னால், தையல்காரர் மாதிரி அளவு எடுப்பார்கள். கை எவ்வளவு நீளம்? தோள் எவ்வளவு அகலம்? கழுத்து உயரமா, குட்டையா? வலது கண்ணால் குறி பார்ப்பவரா, இடது கண்ணாலா? எல்லாம் குறித்துக் கொள்வார்கள்.

பிறகு வால்நட் மரத்தில் கட்டை செதுக்குவார்கள். தோளில் வைத்ததும் துப்பாக்கி குறியைப் பார்த்து நிற்க வேண்டும். தலையைச் சாய்க்கவோ, கையை நீட்டவோ தேவை இருக்கக் கூடாது. பாய்ந்து வரும் புலிக்கு முன்னால் நிற்பவனுக்கு ஒரு நொடிதானே கிடைக்கும்!

இரட்டைக் குழல் ரைபிள் என்றால் வேலை இன்னும் அதிகம். இரண்டு குழலில் இருந்தும் வரும் குண்டு ஒரே இடத்தில் பட வேண்டும். சுட்டுப் பார்ப்பார்கள். குழலைச் சிறிது திருத்துவார்கள். மறுபடி சுடுவார்கள். எந்திரம் செய்யும் வேலை அல்ல இது. கையும் பொறுமையும் செய்யும் வேலை.

காத்திருப்பது மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில்! அந்த மாதிரி இரட்டைக் குழல் ரைபிள் இன்று ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் ஆகும்.

நாமக்கல் லாரி!

அப்படியானால் சொல்லிச் செய்தது முழுக்க முழுக்கக் கை வேலையா? இல்லை. இதை நாமக்கல்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

லாரியின் என்ஜினும் சேசிசும் தொழிற்சாலையில் இருந்து வருகின்றன. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் அதன் மேல் பாடி கட்டுகிறார்கள். உரிமையாளர் சொல்கிறபடி அகலம், உயரம், கதவு, வர்ணம் எல்லாம் அமைகின்றன. லாரி பாதி ஆலை. பாதி கை.

ரிக்பி ரைபிளும் அப்படித்தான்! தோட்டாவைத் தாங்கிப் பூட்டுகிற நடுப்பாகம் ஜெர்மனியில் மவுசர் தொழிற்சாலையில் இருந்து வந்தது. லண்டனில் குழலும் கட்டையும் பொருத்தி மெருகு கொடுத்தார்கள்.

அப்படி ஒரு ரைபிள் நம் நாட்டில் பெரும் பெயர் பெற்றது. அது ஜிம் கார்பெட்டின் ரைபிள்.

இமயமலைப் பக்கத்தில் சம்பாவத் என்ற ஊர். அங்கே ஒரு பெண்புலி மனிதர்களைத் தின்று வந்தது. 1907-ம் ஆண்டில் கார்பெட் அதைக் கொன்றார். அதற்குப் பரிசாக மாகாண கவர்னர் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைபிளைக் கொடுத்தார். வெள்ளித் தகட்டில் விவரம் எழுதிக் கட்டையில் பதித்தார்கள்.

ஆனால் அந்தப் புலியின் கதை முடிந்த விதத்தைக் கேளுங்கள்!

கார்பெட்டின் கையில் இருந்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. காயம்பட்ட புலி பாறை மீது நின்றது. கூட வந்த தாசில்தாரின் துப்பாக்கியைக் கார்பெட் ஓடிப்போய் வாங்கினார். புலிக்கு அருகில் போய்த் துப்பாக்கியைத் தூக்கினார். அப்போதுதான் பார்த்தார். குழலுக்கும் பின்பாகத்துக்கும் நடுவே இடைவெளி! சுட்டால் நெருப்பு பின்பக்கம் அடித்துக் கண் போகலாம்.

வேறு வழி இல்லை. சுட்டார். வாயைக் குறி வைத்த குண்டு காலில் பட்டது. நல்ல வேளை, முன்பே பட்ட காயங்களால் புலி அந்த நிமிடமே விழுந்தது.

பூட்டு சரியில்லாத துப்பாக்கியைக் கண்டு அந்தப் பெரிய வேட்டைக்காரரே பயந்தார். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சேலம் காட்டில் ஆலை ரைபிள்!

இனி நம் பக்கம் வருவோம்.

பழைய சேலம் ஜில்லா பெரியது. 1965-ல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆயிற்று. நாமக்கல் பிரிந்தது 1997-ல். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்.

அந்தப் பழைய ஜில்லாவின் வடக்குக் காடுகளில் ஒரு வேட்டைக்காரர் அலைந்தார். பெயர் கென்னத் ஆண்டர்சன். ஊர் பெங்களூர். அங்கே விமானத் தொழிற்சாலையில் வேலை. ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று நமக்குத் தெரிந்த ஊர்கள் அவருடைய புத்தகங்களில் வருகின்றன. முதல் புத்தகம் 1954-ல் வெளிவந்தது.

ஆண்டர்சன் கையில் இருந்தது லண்டன் ரைபிளா? இல்லை. அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியின் .405 ரைபிள். 1895-ம் ஆண்டு மாதிரி. ஆலையில் 4 லட்சத்துக்கும் மேல் செய்த சரக்கு!

யாருடைய தோளையும் அளக்காமல் செய்த ரைபிள் அது. ஆண்டர்சன் அதைத் தன் தோளுக்குப் பழக்கிக் கொண்டார். ஆட்கொல்லிப் புலிகளை அதைக் கொண்டே சுட்டார்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டும் இதே .405 ரைபிளை 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார். அதே பயணத்தில் ஹாலந்து கம்பெனியின் இரட்டைக் குழல் ரைபிளும் அவரிடம் இருந்தது. அது இங்கிலாந்து நண்பர்கள் கொடுத்த பரிசு.

ஆலை ரைபிள் சொந்தப் பணம். சொல்லிச் செய்த ரைபிள் அன்பளிப்பு. வேட்டைக்காரர்கள் உலகத்தில் இது அதிசயம் அல்ல!

ஏன் விற்கிறார்கள்?

ஆசையாக வாங்கியதை ஏன் விற்கிறார்கள்?

சேலம் செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்குகிறீர்கள். வெள்ளிக்கு ஒரு விலை. செய்கூலிக்கு ஒரு விலை. சேதாரம் வேறு. பத்து வருடம் கழித்து விற்கப் போனால் என்ன கிடைக்கும்? வெள்ளிக்கு உள்ள விலைதான். செய்கூலியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

சொல்லிச் செய்த ரைபிளும் அப்படியே. கட்டை உங்கள் கைக்கு அளவெடுத்தது. வாங்க வருகிறவருக்குக் கை குட்டையாக இருக்கும். மரத்தை அறுக்க வேண்டும், அல்லது சேர்க்க வேண்டும். செய்கூலி போயிற்று!

ஆலைத் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. யார் தோளுக்கும் ஓரளவு பொருந்தும். உதிரிப் பாகம் கிடைக்கும். விலை எல்லோருக்கும் தெரியும். அதனால் சீக்கிரம் கைமாறும்.

ஒரு விலக்கு உண்டு. பெரிய கம்பெனியின் பெயர் இருந்தால், அல்லது பெரிய ஆள் வைத்திருந்ததாக இருந்தால், விலை ஏறும். கார்பெட்டின் ரைபிளை அதைச் செய்த ரிக்பி கம்பெனியே 2015-ல் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்து காட்டினார்கள். அங்கே விலை இரும்புக்கு அல்ல, பெயருக்கு!

நம் நாட்டில் விற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு.

ஒன்று, தோட்டா. பழைய சீமைத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடைக்காவிட்டால் அது வெறும் இரும்புத் தடி.

இரண்டு, சட்டம். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி 2 ஆக்கினார்கள். மூன்று வைத்திருந்தவர் ஒன்றை விட வேண்டி வந்தது. எதை விடுவது? தாத்தாவின் சீமைத் துப்பாக்கியையா? தோட்டா கிடைக்கிற ஆலைத் துப்பாக்கியையா? பல வீடுகளில் இதற்காகப் பங்காளிகள் கூடிப் பேசினார்கள்.

மூன்று, வாரிசு. அப்பா காலமானதும் துப்பாக்கி மகனுக்குத் தானாக வந்துவிடாது. மகன் தன் பெயரில் லைசென்சு வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் ஒப்படைக்க வேண்டும், அல்லது சட்டப்படி விற்க வேண்டும். தனி ஆள் விற்பதானால் 45 நாள் முன்னதாக அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரிடமும் லைசென்சு இருக்க வேண்டும்.

நம் நாட்டு ஆலைச் சரக்கு!

மேற்கு வங்காளத்தில் இசாப்பூர் என்ற ஊர். அங்கே அரசு ரைபிள் தொழிற்சாலை இருக்கிறது. பொதுமக்களுக்காக அங்கே செய்த .315 ரைபிள் நாடு முழுவதும் பரவியது.

ஏன் .315? வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துப்பாக்கிக்கு .303 தோட்டா. அந்தத் தோட்டா ஜனங்கள் கையில் உள்ள துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாது என்று சர்க்கார் நினைத்தது. அதனால் வேறு அளவு வைத்தார்கள். பயத்தில் பிறந்த அளவு அது!

1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை வந்தது. லைசென்சு வைத்திருந்தவர்களுக்கு இசாப்பூர் சரக்கே கதி ஆயிற்று. இங்கே இருந்த பழைய சீமைத் துப்பாக்கிகளுக்கு மவுசு கூடியது.

இசாப்பூர் ரைபிளில் அழகு குறைவு. கட்டை கனமாக இருக்கும். ஆனால் அதில் ஒரு எண் இருக்கிறது. செய்த இடத்தின் பெயர் இருக்கிறது. வெளியே அனுப்பும் முன் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இதுதான் முக்கியம்.

முத்திரை எதற்கு?

லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-ல் அரசர் பட்டயம் கொடுத்தார். குழல்களைச் சோதிக்கும் பொறுப்பு அவர்களுக்கு வந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் தள்ளுபடி. முத்திரை இல்லாத குழலை விற்பது குற்றம் என்று 1868-ல் சட்டமே போட்டார்கள்.

கோடி ரூபாய் ரைபிளுக்கும் இந்தச் சோதனை உண்டு. சாதாரண ஆலைத் துப்பாக்கிக்கும் உண்டு.

ஆகவே சொல்லிச் செய்ததா, ஆலையில் செய்ததா என்பது பெரிய கேள்வி அல்ல. சோதித்தது யார்? பொறுப்பு ஏற்பது யார்? அதுதான் பெரிய கேள்வி!

நம் ஊர்ப் பட்டறை!

நம் பக்கத்திலும் சொல்லிச் செய்த துப்பாக்கி உண்டு. அதன் பெயர் நாட்டுத் துப்பாக்கி.

சேலம் மண் இரும்புக்குப் பெயர் போன மண். கஞ்சமலையில் இரும்புத் தாது கிடக்கிறது. சேலத்தில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஹீத் என்ற வெள்ளைக்காரர், 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்துச் சேலத்துத் தாதை உருக்கினார். அதற்கு வெகு காலம் முன்பே நம் கொல்லர்கள் எஃகு காய்ச்சினார்கள். கலப்பை, அரிவாள், வேல் எதைச் சொன்னாலும் செய்து கொடுத்தார்கள்.

அந்தக் கையின் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரிவாள் வேறு. துப்பாக்கி வேறு. அரிவாள் மழுங்கினால் தீட்டலாம். குழல் வெடித்தால் என்ன தீட்டுவது?

நாட்டுத் துப்பாக்கிக்குச் சோதனைச் சாலை இல்லை. முத்திரை இல்லை. எண் இல்லை. அதற்கு நடக்கும் முதல் சோதனை, வாங்கியவன் முகத்துக்கு முன்னால்தான்!

சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது கண்ணில் பார்வை இல்லை.

"என்னங்க ஐயா ஆச்சு?" என்று கேட்டேன்.

"இளவட்டத்துலே பன்னி வெரட்டப் போனேனுங்க தம்பி. வெடி முன்னாலே போகாமப் பின்னாலே வந்துருச்சு" என்றார்.

"யாருங்க செஞ்சு குடுத்தாங்க?"

அவர் சிரித்தார். "அதைச் சொல்ல முடியுமுங்களா? செஞ்சவன் பேரைச் சொன்னா அவனுக்கும் கேசு, எனக்கும் கேசு. ஆசுபத்திரியிலே பட்டாசு வெடிச்சுதுன்னு சொன்னேன்."

கார்பெட் பயந்த அதே ஆபத்து! கார்பெட் தப்பினார். பெரியவர் தப்பவில்லை. நியாயம் கேட்கவும் அவருக்கு வழி இல்லை. செய்தவன் பெயரையே சொல்ல முடியாத பொருளுக்கு யார் பொறுப்பு ஏற்பார்கள்?

சட்டமும் கடுமையாகிவிட்டது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை. 5 ஆண்டு வரை போகலாம். லைசென்சு இல்லாமல் செய்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

சில ஆயிரம் ரூபாய்த் துப்பாக்கிக்குக் கொடுக்கும் விலையா இது?

பன்றியை என்ன செய்வது?

விவசாயி பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

சேலம், நாமக்கல் என்றால் மரவள்ளிக் கிழங்கு. பத்து மாதம் காத்து வளர்க்கிற பயிர். ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து உழுதுவிட்டுப் போகிறது. நிலக்கடலைக்கும் அதே கதி. கடன் வாங்கியவன் வயிறு எரியாதா?

அந்த எரிச்சலில்தான் நாட்டுத் துப்பாக்கி வாங்குகிறான். இல்லாவிட்டால் வேலியில் மின்சாரம் வைக்கிறான். இல்லாவிட்டால் அவுட்டுக்காய் வைக்கிறான். பன்றிக்கு வைத்ததில் யானை சாகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சாகிறார்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் விவசாயியை மறக்கவில்லை. பயிரைக் காக்க உண்மையாகவே தேவை இருந்தால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு தரலாம் என்று அதில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கியால் விலங்கைச் சுட்டுத் தள்ள வனவிலங்குச் சட்டம் விடாது. பயமுறுத்தி விரட்டலாம். அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுகிற வேலை வனத்துறைக்கு. விவசாயிக்கு அல்ல.

நல்ல முடிவு. ஆனால் பன்றி ராத்திரியில் வருகிறது. மனு பகலில்தான் நகர்கிறது! வனத்துறை சீக்கிரம் வர வேண்டும். நஷ்டஈடு அடுத்த பட்டத்துக்கு விதைக்கரணை வாங்கும் முன் கைக்கு வர வேண்டும். அது நடந்தால் பரண் மேல் துப்பாக்கி தேடுகிறவர்கள் குறைவார்கள். அது நடக்காமல் சட்டத்தை மட்டும் காட்டினால், பட்டறையில் நெருப்பு அணையாது.

முடிவாக ஒரு வார்த்தை!

சொல்லிச் செய்ததா? ஆலையில் செய்ததா?

பணமும் ஆசையும் உள்ளவர் சொல்லிச் செய்ததை வாங்கட்டும். செய்கூலி திரும்பி வராது என்று தெரிந்து வாங்கட்டும். சிக்கனக்காரர் ஆலைத் துப்பாக்கியை வாங்கட்டும். இரண்டிலும் தவறு இல்லை. எண்ணும் முத்திரையும் லைசென்சும் இருக்கிற வரையில் இரண்டும் ஒன்றுதான்.

எண் இல்லாத மூன்றாவது வகைதான் வேண்டாம். அது சத்தியமாக வேண்டாம்!

உங்கள் வீட்டில் தாத்தா வைத்துப்போன லைசென்சு துப்பாக்கி இருந்தால், காகிதத்தை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? எந்த ஆண்டோடு முடிகிறது? காலம் கடத்தாமல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள்.

பரண் மேல் காகிதமே இல்லாத ஒன்று இருந்தால், அதை மறைக்காதீர்கள். விற்கவும் நினைக்காதீர்கள். மலை ஊர்களில் போலீசாரும் வனத்துறையினரும், "தாமாகக் கொண்டு வந்து கொடுத்தால் வழக்கு இல்லை" என்று அறிவித்த சமயங்கள் உண்டு. பெயரே சொல்லாமல் ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரையோ, ஒரு வக்கீலையோ கலந்து கொள்ளுங்கள். சட்டப்படி ஒப்படையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரர் கேட்கமாட்டார். "அப்பா காலத்துச் சொத்து" என்பார். நீங்கள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

"இதைச் சுட்டுப் பார்த்து முத்திரை போட்டவர் யார்?"

பதில் வராது. பதில் வராத துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். பிள்ளைகள் பரண் ஏறும் வயதுக்கு வருவதற்கு முன்பே அது வெளியே போகட்டும்!